ரேடாரில் மூன்று கப்பல், கடலில் ஒன்று: கெயினைக் குறைக்கலாமா?

வள்ளவிளை தம்பி:
போன மாதம் நடந்தது. முட்டத்துக்குத் தென்மேற்கே 25 கடல் மைல், இரவு 2 மணி, சாரல் மழை. ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டியது) விட்டுவிட்டுக் கிடந்தோம். ரேடாரில் இடப்பக்கம் 0.8 மைலில் ஒரு புள்ளி. அதே நேர்கோட்டில் 1.6-இல் இன்னொன்று, 2.4-இல் மங்கலாக மூன்றாவது. மூன்று கப்பல் வரிசையாக வருகிறது என்று டிரைவர் அண்ணன் கயிற்றை வெட்டிவிட்டு போட்டைக் கிளப்பினார். வெளியே பார்த்தால் ஒரு டாங்கரின் விளக்கு மட்டும். கப்பல்கள் தாங்களே தங்கள் இடத்தை அறிவிக்கிற ஏ.ஐ.எஸ். கருவியின் திரையிலும் ஒன்றுதான். தூண்டிலில் பாதி போனது போனதுதான். இல்லாத கப்பலைக் காட்டுகிற சாமானை எதற்குச் சுமக்க வேண்டும்? ஏ.ஐ.எஸ். போதும் என்கிறேன்.

பழைய மேட்:
தம்பி, ரேடார் பொய் சொல்லவில்லை. திரும்பி வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். கப்பலில் பட்டுத் திரும்பிய அலை உங்கள் போட்டின் மேலேயே மோதி, மறுபடி கப்பலுக்குப் போய் மறுபடி வந்திருக்கிறது. இரண்டு சுற்று ஓடினால் இரண்டு மடங்கு தூரம் காட்டும், மூன்று சுற்று ஓடினால் மூன்று மடங்கு. பெரிய கப்பல் பக்கவாட்டில் நெருங்கிக் கடக்கும்போது வருகிற சங்கதி இது. 22 வருடம் கப்பலில் இருந்தேன், எத்தனையோ முறை பார்த்தாயிற்று. கெயினை, அதாவது திரும்பி வருகிற அலையைப் பெருக்கிக் காட்டுகிற குமிழை, கொஞ்சம் குறைத்திருந்தால் பின்னால் நின்ற இரண்டும் காணாமல் போயிருக்கும். தூண்டிலும் மிஞ்சியிருக்கும்.

கட்டுமரம்62:
கெயினைக் குறைக்கச் சொல்கிற ஆளைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். மேட் சார், நான் குளச்சலில் வள்ளம் ஓட்டியவன், இப்போது மகன் ஓட்டுகிறான். ஃபைபர் வள்ளத்தில் பட்டுத் திரும்புகிற அலை சொற்பம். பின்னால் தொங்குகிற இன்ஜினும் உள்ளே கிடக்கிற சோற்றுச் சட்டியும்தான் கொஞ்சமாவது திருப்பி அனுப்பும். நீங்கள் குமிழைத் திருகினால் போலிப் புள்ளி போகும், கூடவே என் மகனும் போவான். திரை மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.
தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வள்ளத்தில் ஏ.ஐ.எஸ். கிடையாது. உன் ஏ.ஐ.எஸ். கணக்கில் நான் இன்னும் பிறக்கவே இல்லை.

ஒயர்மேன்:
தேங்காய்ப்பட்டினத்தில் போட்டுகளுக்கு ரேடார் மாட்டுகிற வேலை எனக்கு. ஒரு சந்தேகம். சம தூரத்தில் மூன்று புள்ளி நின்றால் போலி என்று எப்படி உடனே சொல்ல முடியும்? நிஜக் கப்பல்களும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் தடம் அது. ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்துப் போட்டுவிட்டு ஓடுகிற கப்பலும் உண்டு. மேட் அண்ணன் சொன்ன மாதிரி அலை திரும்பத் திரும்ப ஓட, நம் பக்கமும் நன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மரத்தில் ஃபைபர் பூசிய போட் என்றால் நான் நம்பமாட்டேன். தம்பி, உன் போட் எதில் கட்டியது? தூரம் எப்படி மாறியது?

வள்ளவிளை தம்பி:
இரும்பு போட் அண்ணே. வீல் ஹவுஸும் இரும்புத் தகடுதான். ஸ்கிரீனை ஃபோனில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்திருந்தேன், இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் புள்ளி 0.8-இலிருந்து 0.7 ஆகிறது. அதே நேரத்தில் இரண்டாவது 1.6-இலிருந்து 1.4, மூன்றாவது 2.4-இலிருந்து 2.1.

ஒயர்மேன்:
அப்படியானால் போலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே நிமிடத்தில் முதல் கப்பல் 0.1 மைல் நெருங்க, மூன்றாவது 0.3 நெருங்குகிறது. எப்போதும் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் நிற்கிற மாதிரி நிஜக் கப்பல் எதுவும் ஓடாது.

கட்டுமரம்62:
பார்த்தீர்களா, கெயினில் கையே வைக்காமல் கண்டுபிடித்தாயிற்று. நகர்வதைப் பார்த்தால் போதும். முன்பு ஒரு போட்டில் வேலை பார்த்தபோது முன் மாஸ்ட் இருக்கும் திசையில் அடிக்கடி ஒரு புள்ளி வரும். உண்மையில் கப்பல் வலப்பக்கம் நிற்கும், அதே தூரத்தில். போட்டை 20 டிகிரி திருப்பினால் நிஜக் கப்பல் தன் இடத்தில் நின்றது, போலி எங்களோடு சேர்ந்து திரும்பியது. மாஸ்டில் பட்டு வளைந்து வந்த அலை அது. (எங்கள் ஆட்களிடம் இதை ‘எக்கோ’ என்று சொன்னால் மீன் பார்க்கிற மிஷினை நினைப்பார்கள். அதனால் புள்ளி என்றே சொல்கிறேன்.)

பழைய மேட்:
எல்லாப் போலியும் இப்படிச் சுலபமாகப் பிடிபடாது. ஒரு மார்ச் கடைசி, அரபிக்கடல், காற்றே இல்லை. முன்னால் 14 மைலில் கரை தெரிகிறது. சார்ட்டில் அங்கே வெறும் தண்ணீர். கரை இருந்ததோ 95 மைலுக்கு அப்பால். ரேடார் அலையைத் துண்டு துண்டாக, நொடிக்கு 1000 துடிப்பாக அனுப்பினால், அடுத்த துடிப்பு கிளம்புவதற்குள் 81 மைல் வரைதான் அலை போய்வர முடியும். அந்தப் பருவத்தில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும், அலை அதற்குள் மாட்டி வெகுதூரம் ஓடும். 95 மைலில் இருந்து தாமதமாக வந்ததை ரேடார் அடுத்த துடிப்பின் கணக்கில் எழுதிவிட்டது. 95-இல் 81 போனால் 14. நேரான கரைகூட நம்மைப் பார்த்துக் கூர்மையாக வளைந்து தெரிந்தது. ரேஞ்சை (திரை காட்டும் தூர அளவை) மாற்றினேன், துடிப்புகளின் இடைவெளியும் மாறியது, கரை இடத்தைக் காலி செய்தது. குமிழைத் தொடாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

கட்டுமரம்62:
ரேஞ்சு மாற்றுவதை யார் வேண்டாம் என்றது? அதில் எங்கள் புள்ளி அழியாது. நான் பேசுவது கெயினைப் பற்றி, கடல் அலைகளின் புள்ளியை மறைக்கிற சீ கிளட்டர் குமிழைப் பற்றி. நீங்கள் சொல்கிற ‘கொஞ்சம் குறை’ இருக்கிறதே, குறைத்தவர் மறுபடி ஏற்றினாரா என்று யார் பார்த்தார்கள்?

பழைய மேட்:
அது நியாயம். பல வாட்ச்களில் நானே குறைத்ததைக் குறைத்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 7ஆவது விதி, அரைகுறை ரேடார் தகவலை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்கிறது. தம்பியின் டிரைவருக்கு அது பொருந்துகிறது என்றால் எனக்கும் பொருந்தத்தான் செய்யும். ஆனால் ரேடார் ஆன்டெனா இரண்டு சுற்று சுற்றும் வரை மட்டும் குறைத்துப் பார்த்து, கையை எடுக்காமலே பழைய இடத்துக்குத் திருப்புவதில் தப்பில்லை. அதில் நான் இறங்கிவரமாட்டேன்.

வள்ளவிளை தம்பி:
டிரைவர் அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். மூன்று கப்பல் கதையை அவர் காதில் வாங்கவே இல்லை. “வலப்பக்கம் 0.4-இல் மினுங்குது பாரு, அது என்னலே?” என்று கேட்டார். அன்றைக்கு எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பழைய மேட்:
கடல் அலையாக இருக்கலாம்.

ஒயர்மேன்:
அலை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு இடத்தில் மினுங்கும். எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது?

வள்ளவிளை தம்பி:
நாலு சுற்றுக்கு ஒன்று. ஒரே இடத்தில்தான் வருகிறது.

கட்டுமரம்62:
தேதியைப் போடு மக்கா. அன்றைக்கு அந்தப் பக்கம் யார் வள்ளம் கிடந்தது என்று கரையில் விசாரிக்கிறேன்.