ஈவ் ஆன்லைன்: ஆட ஆரம்பிச்சு 3 வாரம்தான் ஆகுது, இப்பவே கார்ப்ல (ஆட்டக்காரங்க குழுவுல) சேரலாமா?

பொன்வண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளி ஆட்டத்தைக் காசு கட்டாத ஆல்ஃபா கணக்குல ஆடிட்டிருக்கேன். பையன் தூங்கின பிறகு ராத்திரி 9.30க்கு உட்கார்ந்தா 11.30 வரைக்கும் நேரம் கிடைக்கும், அதுவும் வாரத்துல 4 நாள்தான். வென்ச்சர் கப்பல்ல போய் வெல்ட்ஸ்பார் கனிமம் தோண்டுறேன், விக்குறேன், மறுபடி தோண்டுறேன். இப்ப 3 இடத்துல இருந்து கூப்பிடுறாங்க. ஒண்ணு சுரங்க கார்ப்: இருக்கிற சாமானையெல்லாம் முதல்ல அவங்க ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துடணுமாம். இன்னொண்ணு நல்செக்ல (காவலே இல்லாத பகுதியில) இருக்கிற பெரிய கூட்டணி. மூணாவது, காலன்டே மிலிஷியாவுல (ஆட்டத்துல வர்ற காலன்டே நாட்டுக்காகச் சண்டை போடுற படையில) சேரச் சொல்லி ஒருத்தர் விடாமக் கேட்கிறார். ஒண்ணும் தெரியாம உள்ள போய் அடுத்தவங்களுக்குப் பாரமா நிக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கத்துக்கிட்டு அப்புறமா சேர்றது நல்லதா?

தனியோடி:
6 மாசம் தனியா ஆடுங்க. கார்ப்ல சேர்ந்த அன்னைக்கே எவனாவது போர் அறிவிப்பான், அப்புறம் காவல் இருக்கிற ஹைசெக் பகுதியிலயே வெச்சுச் சுடுவான். ஆட்டமே ஆரம்பத்துல தர்ற கார்ப்லயே இருந்தா அந்தத் தொல்லை இல்ல.

சுரங்கக்காரி:
தனியோடி, அது பழைய விதிங்க. 2018 டிசம்பர்ல மாத்திட்டாங்க. விண்வெளியில சொந்தக் கட்டடம் வெச்சிருக்கிற கார்ப் மேலதான் இப்ப போர் அறிவிக்க முடியும். சேர்றதுக்கு முன்னாடி "உங்க பேர்ல கட்டடம் ஏதாவது இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டாப் போதும்.

பொன்வண்டு, "கத்துக்கிட்டு அப்புறம்"னுதான் நானும் இருந்தேன். நான் வந்தது 2014 பிப்ரவரி. அதுக்கு முந்தின மாசம்தான் ஆட்டத்துல பி-ஆர்5ஆர்பிங்கிற மண்டலத்துல பெரிய சண்டை நடந்திருந்தது. ஒரு நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டாம விட்டுப்போச்சு, அதுல மூண்ட சண்டையில ஆட்டத்துலயே பெரிய கப்பலான டைட்டன் 75 அழிஞ்சதுன்னு செய்தியில படிச்சேன். அங்க நாமளும் இருக்கணும்னு அன்னைக்கே ஆட்டத்தை இறக்கினேன். ஆனா அதுக்கப்புறம் 7 மாசம் ஒத்தையில கல்லு தோண்டினேன். கப்பல் வெடிச்சா ஏன் வெடிச்சதுன்னு சொல்லக்கூட பக்கத்துல ஆள் கிடையாது. சுட்டவன் எந்தப் பக்கம் இருந்து வந்தான்னே தெரியாது.

பிறகு 20 பேர் இருந்த ஒரு சின்ன கார்ப்ல சேர்ந்தேன். முதல் ராத்திரியே என் ஃப்ரிகேட் (சின்னப் போர்க்கப்பல்) போச்சு. அப்ப மம்பிள்ங்கிற குரல் செயலியிலதான் பேசுவோம். போலந்துக்காரர் ஒருத்தர், என் அப்பா வயசு இருக்கும், 40 நிமிஷம் பொறுமையா உட்கார்ந்து டி-ஸ்கேன் சொல்லிக் கொடுத்தார். வி விசையை அமுக்கிக்கிட்டே இரு, 14.3 வானியல் அலகுக்குள்ள மறைஞ்சு வராத எந்தக் கப்பலும் பட்டியல்ல தெரியும், புதுப் பேர் வந்தா யோசிக்காம ஓடுன்னார். 7 மாசத்துல தெரியாத விஷயம் அந்த 40 நிமிஷத்துல தெரிஞ்சது. அவர் என்னைப் பாரமா நினைக்கவே இல்ல. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுற பழைய ஆளுங்க இந்த ஆட்டத்துல நிறைய. ஈவ் யூனிவர்சிட்டின்னு 2004ல இருந்து அதுக்காகவே ஒரு கார்ப் நடக்குது. நீங்க எங்க சேர்ந்தாலும் சரி, அவங்க விக்கியைப் படிச்சுடுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. ஏமாந்தா உங்களுக்கு நஷ்டம் ரொம்பக் கம்மியா இருக்கிற நேரம் இதுதான். 2009 பிப்ரவரியில பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்ங்கிற பெரிய கூட்டணியை, அதிகாரம் கையில இருந்த ஒரே ஒரு ஆள் எதிரிப் பக்கம் தாவி ஒரே ராத்திரியில கலைச்சுட்டார். பல வருஷமா மண்டலம் மண்டலமா சேர்த்து வெச்சிருந்தவங்களுக்குத்தான் அடி. எனக்கும் நடந்துச்சு. 2016ல எங்க கார்ப் தலைவர் பொதுக் கிடங்கைத் துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டார். என்னோட 2 வருஷக் கனிமம், புளூபிரிண்ட் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல, இப்ப நினைச்சாலும் மனசு வலிக்குது. சேர்ந்த 3வது வாரம் நடந்திருந்தா ஒரு வென்ச்சரோட போயிருக்கும்.

அதனால இப்பவே சேருங்க. சாமான் மட்டும் உங்க சொந்தக் கிடங்குலயே இருக்கட்டும். சேரும்போதே "எல்லாத்தையும் கொண்டு வா"ங்கிற அந்தச் சுரங்க கார்ப் பக்கமே போகாதீங்க. வழியில காத்திருந்து சுடுறதுக்கும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. கார்ப் விவரப் பக்கத்துல ஃப்ரெண்ட்லி ஃபயர் அனுமதி இருக்கான்னும் பாருங்க. இருந்தா, கார்ப் ஆளே உங்களைச் சுட்டாலும் ஹைசெக் போலீஸான கான்கார்ட் வராது.

எல்லாத்தையும் விட முக்கியம் நேரம். ஆட்டத்தோட கடிகாரம் யூடிசி (உலகப் பொது நேரம்). ஐரோப்பிய கார்ப்கள் 19:00க்கு ஃப்ளீட் (எல்லாரும் சேர்ந்து படையாப் போறது)னு போட்டா நமக்கு ராத்திரி 12.30. உங்க 9.30ங்கிறது அங்க 16:00, மாஸ்கோவுல சாயங்காலம் 7 மணி. கிழக்கு ஐரோப்பா ஆளுங்க நிறைய இருக்கிற கார்ப்பா பார்த்துக் கேளுங்க. எவ்வளவு பெரிய கூட்டணியா இருந்தாலும், நீங்க உள்ள வர்றப்ப அரட்டையில யாருமே இல்லைன்னா திரும்பவும் தனியா வெல்ட்ஸ்பார்தான்.

வேல்முனை:
மிலிஷியா பத்தி மட்டும் சொல்றேன். சண்டை கத்துக்க அதை விட நல்ல இடம் கிடையாது. சின்னக் கப்பல் மட்டுமே நுழைய முடியுற களங்கள் இருக்கு, புது ஆளும் தைரியமாப் போகலாம். ஆனா காலன்டே பக்கம் சேர்ந்தா எதிரி நாடான கால்டாரியோட ஹைசெக்ல அவங்க கடற்படை உங்களைச் சுடும். பெரிய சந்தையான ஜிட்டா இருக்கிறதே கால்டாரி எல்லைக்குள்ளதான். தோண்டினதை விக்க அங்கதானே போவீங்க? சரக்கு தூக்கிட்டுப் போக ரெண்டாவது கணக்கு இல்லாம சேராதீங்க. ஆல்ஃபாவுல ஒரே நேரத்துல ரெண்டு கணக்கு திறக்க முடியாது, அதையும் யோசிங்க.

பொன்வண்டு:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி வேல்முனை. நல்செக் கூட்டணியில கேட்டேன். புதுசா வர்றவங்களுக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருக்காங்களாம், செவ்வாயும் சனியும் 16:30க்கு ஃப்ளீட், நமக்கு ராத்திரி 10 மணி. சாமான் எதுவும் கொண்டு வர வேண்டாம், வெறும் கையோட வான்னு சொன்னாங்க. வெல்ட்ஸ்பார் மொத்தத்தையும் வித்து 3 ஃப்ரிகேட் வாங்கி வெச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை போறேன். அக்கா, வி விசையை எத்தனை நொடிக்கு ஒரு தடவை அமுக்கணும்?

சுரங்கக்காரி:
2 நொடி. பாறை எவ்வளவு பெருசா இருந்தாலும் நிறுத்தாதீங்க. செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க தம்பி.