மறு: வேரிகேஷனுக்கு (variegation, இலையில் பச்சையோடு வேறு நிறமும் கலந்து வருவது) தமிழ்ச்சொல் – 'பல்வண்ண இலை' பொருந்துமா?

> 'பல்வண்ண இலை' என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் குரோட்டன்ஸையும் சேர்த்துத்தான் புரியும். வெள்ளைத் திட்டுள்ள வீட்டுச்செடியான மான்ஸ்டெரா ஆல்போவின் இலையில் வண்ணங்கள் பல கிடையாது. பச்சையம் இல்லாத இடம் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவே. அந்த இடம் உணவு தயாரிக்காது. அதனால் செடி மெதுவாக வளரும், தண்ணீரும் குறைவாகவே இழுக்கும். பச்சை மான்ஸ்டெராவுக்கு ஊற்றும் கணக்கில் ஊற்றினால் வேர் அழுகக்கூடும். மேல்மண் 4 செ.மீ. காய்ந்தபின் ஊற்றினால் போதும். கிழக்கு ஜன்னலின் காலை வெளிச்சம் ஏற்றது. உச்சிவெயில் பட்டால் வெள்ளைதான் முதலில் கருகும். ஆகவே 'வெளிர்திட்டு' என்பேன். (வெளிர்தல் என்ற வினையடி, வினைத்தொகையில் வலி மிகாது.)

———

வெளிர்திட்டு நல்ல சொல். ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்கிறது. கலாத்தியா செடியின் இலைக்கோடுகள் அதன் மரபணுவிலேயே உள்ளவை, எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். சிண்டாப்சஸ் கொடியின் வெள்ளிப் பூச்சோ மேல்தோலுக்கு அடியிலுள்ள காற்றிடைவெளி. ஆல்போ அப்படியல்ல: வளர்நுனியில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் சேர்ந்தே வளர்கின்றன. கைமெரா எனப்படும் இந்தக் கலப்புக்குத் தனிச்சொல் இல்லையென்றால் பதியம் போடுபவர் ஏமாறுவார். மஞ்சள் விளிம்புள்ள ஸ்நேக் பிளாண்டின் இலையை 8 செ.மீ. துண்டாக்கி நட்டால், வரும் கன்றுகளில் மஞ்சள் விளிம்பு இருக்காது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் விளிம்பு தங்கும்.

திசு என்பதே ஒலிபெயர்ப்பு. இலங்கைப் பாடநூல்களின் 'இழையம்' நல்ல தமிழ். 'ஈரிழையச் செடி' எனலாமா?

———

'ஈரிழை' என்றதும் இங்கே துண்டுதான் நினைவுக்கு வரும். இருந்தாலும் ஏற்கிறேன், 'இருதிசு'வைவிட வாயில் நன்றாக நிற்கிறது.

> ரிவர்ஷனுக்கு (வெள்ளை மறைந்து இலைகள் பச்சைக்கே திரும்புவது) 'பச்சைமீட்சி'?

மீட்சி என்றால் ஏதோ நல்லது நடந்ததுபோல் இருக்கிறது. 'பச்சைத்திரும்பல்' போதும். இந்தச் சொல்லுக்கான பதிவில் விளக்கத்தோடு செய்முறையும் வரட்டும்:

அடுத்தடுத்து மூன்று இலைகள் முழுப்பச்சையாக வந்தால் பச்சைத்திரும்பல். பச்சைத் தண்டுக்கு உணவு மிகுதி, வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்; தள்ளிப்போடக் கூடாது. வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளை திரும்பும் என்பது வீண் நம்பிக்கை, அந்த நுனியில் வெள்ளைத் திசுவே மிச்சமில்லை. இரு நிறமும் கலந்த கடைசி இலைவரை இறங்கி, அந்தக் கணுவுக்கு 1 செ.மீ. மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டவேண்டும். சாறு தோலில் பட்டால் அரிக்கும், கையுறை அவசியம். வெட்டுமுன் தண்டின் வரியைப் பார்க்கவேண்டும்: கணுவிலுள்ள மொட்டு பச்சை வரியில் இருந்தால் தளிர் பச்சையாகவே வரும், வெள்ளை வரியில் இருந்தால் வெள்ளையாக. இரண்டின் எல்லையில் உட்கார்ந்த மொட்டே வேண்டியது. அப்போதும் உறுதியில்லை, வாய்ப்பு கூடுதல் என்று மட்டும் எழுதுங்கள்.

'தாய் கான்ஸ்டலேஷன்' (Thai Constellation) என்ற மான்ஸ்டெரா வகை ஆய்வகத் திசு வளர்ப்பில் பெருக்கப்படுவது, அதில் பச்சைத்திரும்பல் அரிது. தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம்.

முழுவெள்ளைத் தளிருக்கும் ஒரு சொல் வேண்டும். தாய்த்தண்டில் இருக்கும்வரை அதன் தயவில் வாழும். தனியே வெட்டி நட்டால் பிழைக்காது, அதையும் விலை கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'வெறுந்தளிர்' சரியாக வருமா?