விற்பனைக்குப் போட்ட காலி வீடும் பக்கத்து வீட்டு ராக்கெட்டும்: யார் பொறுப்பு?

மூலைவீட்டு அக்கா:
பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் சேர்ந்து குடியேறிய பழைய தாமான் (குடியிருப்பு) எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தவறிய பிறகு பிள்ளைகள் வீட்டை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். 'அமைதியான சூழல், உடனே குடியேறலாம், கோயிலுக்கு நடந்தே போகலாம்' என்று விளம்பரம். படங்கள் எல்லாம் பெரியம்மா இருந்தபோது எடுத்தவை. வாசலில் செம்பருத்தித் தொட்டிகூடத் தெரிகிறது.

இப்போது போய்ப் பார்த்தால் லாலான் புல் சன்னல் உயரத்துக்கு நிற்கிறது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பழைய மெத்தை, உடைந்த கட்டில் பலகை, பத்திரிகைக் கட்டு, மூலையில் ஓர் எரிவாயு தோம்பு (சிலிண்டர்). அது காலியா, பாதியா என்று யாருக்கும் தெரியாது. போன தீபாவளி இரவு ஒரு ராக்கெட் அந்தத் தகரத்தில் விழுந்து, உருண்டு, புல்லுக்குள் போய் அணைந்தது. என் அடுப்படி அங்கிருந்து நாலடி தூரம். பிள்ளைகளுக்குப் போன் செய்தால், 'விற்றதும் சரியாகிவிடும் அக்கா' என்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கு முன்னாலாவது அதைச் சுத்தம் செய்து வைப்பது விற்பவர் கடமையா, இல்லையா?

ஜேபி தம்பி:
அக்கா, நானும் ஜொகூரில் இருந்துகொண்டு நம்ம ஊரில் அப்பா வீட்டை விற்கப் போராடுகிறவன்தான். அதனால் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். வீடு ராக்கெட் விடவில்லை. விட்டவர்கள் உங்கள் தெருக்காரர்கள். அவர்களைக் கேட்காமல் ஊரில் இல்லாதவனைக் கேட்பது எந்த நியாயம்? புல் வெட்டும் ஆளை மாதாமாதம் வரவழைத்தால் காசு யார் தருவது? வீடு போகவில்லை என்றாலும் நிலவரி, வீட்டு வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம் ஐப்பசி மழை. தீபாவளி சமயத்தில் சாயங்காலமானால் இடியும் மழையும். நனைந்த புல் எப்படி எரியும்?

பழைய பொம்பா:
தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன மழைக் கணக்கு புல்லுக்குச் சரி. கொட்டகைக்குள் மழை பெய்யாது. பஞ்சு மெத்தையும் பத்திரிகைக் கட்டும் வருடம் முழுக்கக் காய்ந்துதான் கிடக்கும். மெத்தையில் பொறி விழுந்தால் உடனே சுடர் வராது. உள்ளுக்குள்ளேயே கனன்று, எல்லாரும் படுத்த பிறகு பிடிக்கும். பட்டாசு விட்டு முடித்து வெகுநேரம் கழித்து அழைப்பு வருவது பல சமயம் இதனால்தான்.

பண்டிகையும் ஒன்றல்ல. சீனப் புத்தாண்டு சனவரி, பிப்ரவரியில் வரும். பேராக்கில் அப்போது மழை குறைவு, லாலான் காய்ந்து சரசரக்கும். நோன்புப் பெருநாளுக்கும் வெடி உண்டு. ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் புல் வெட்டினால் போதும் என்ற பேச்சு சரிவராது.

இன்னொன்று. 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டப்படி தெருவரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள பொதுச் சுவர் கூரைக்கு மேலும் எழும்பி நிற்க வேண்டும். ஒரு வீட்டில் பிடித்தது அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவக்கூடாது என்பதற்குத்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? பின்னால் அடுப்படியை நீட்டி, தகரத்தைப் பக்கத்து வீட்டுத் தகரத்தோடு ஒட்டிப் போட்டுவிடுகிறோம். அங்கே சுவரும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. அக்காவின் நாலடியாவது இருக்கிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை.

செம்பனைக்காட்டான்:
பேசாமல் பட்டாசையே விட்டுத் தொலையுங்கள். 1991 மே 7, சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் செத்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் சேதம். அதை மறந்துவிட்டுப் புல் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

மூனாவது லயம்:
அண்ணே, தொழிற்சாலை விபத்தையும் பிள்ளை பிடிக்கிற கம்பி மத்தாப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தோட்டத்தில் எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் அந்தச் சத்தம். மண்டோர் (மேற்பார்வையாளர்) வீடு, கிராணி (எழுத்தர்) வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் திடலில் விடுவோம். அங்கே சுற்றிலும் வெறும் மண். அந்தத் திடலில்லாத ஊருக்கு வந்து சேர்ந்ததுதான் வினை. இப்போது ஐந்தடி வாசலில், நிறுத்தி வைத்த காருக்கு நடுவில் புஸ்வாணம் கொளுத்துகிறோம்.

பழைய பொம்பா:
மத்தாப்பை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம் ஐயா. எரிகிற கம்பியின் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை போகும். அணைந்த பிறகும் கம்பி சுடும், பிள்ளைகள் வெறுங்காலோடு மிதிப்பார்கள். பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றையும் அதில் போடுங்கள். வெடிக்காத வெடியை மறுபடி பற்ற வைக்காதீர்கள், குனிந்தும் பார்க்காதீர்கள். சற்று நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கீச்சாப் (சோயா சாஸ்) எதுவும் பூச வேண்டாம். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை கத்துவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஜேபி தம்பி:
பார்த்தீர்களா, அண்ணன் சொன்னதில் பெரும்பாலானவை கொளுத்துகிறவர் கவனிக்க வேண்டியவை. நான் அதைத்தான் சொல்கிறேன்.

தரகர் மகள்:
பதிவு பெற்ற சொத்து முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. வேலியில் 'விற்பனைக்கு' பலகை தொங்கினாலே தெருவுக்கே தெரிந்துவிடும், இங்கே கேட்பாரில்லை என்று. முதலில் பூனை வரும், அப்புறம் குப்பை வரும், கடைசியில் பையன்கள். போர்ட்டிக்கோவில் உட்கார்ந்து ராக்கெட் விட அதைவிட வசதியான இடம் எது? நான் வீடு காட்டப் போன ஓர் இடத்தில் தரையோட்டில் கருகிய வட்டங்கள் வரிசையாக இருந்தன. வாங்க வந்த அம்மா அதைத்தான் முதலில் பார்த்தார், விலை பேசும்போது அதைத்தான் இழுத்தார்.

பழைய படம் போடுவதும் விற்பவருக்கே நட்டம். நேரில் வந்தவர் லாலானைப் பார்த்ததும், 'உள்ளே இன்னும் என்னென்ன மறைத்தார்களோ' என்று நினைக்கிறார். தீபாவளி வாரத்தில் கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கலாமா என்று பார்க்கிறவர்கள் அவர்களில்தான் அதிகம். அந்த வாரத்தில் வீடு காடாகக் கிடந்தால் என்ன லாபம்?

பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். வீட்டுக் காப்புறுதியில், வீடு தொடர்ந்து இத்தனை நாள் காலியாகக் கிடந்தால் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும். சொல்லாமல் விட்டால் தீப்பிடித்த பிறகு அந்த வரியைத்தான் காட்டுவார்கள். பெரியம்மா வளவிலிருந்து தீ அக்கா வீட்டுக்குப் போய், அது பிள்ளைகளின் கவனக்குறைவு என்று அக்கா நிரூபித்தால் வழக்கும் போடலாம். அக்கா முன்பே போன் செய்து எச்சரித்திருக்கிறார் என்பது அவர்களுக்குச் சாதகமில்லை.

ஒரு வார்த்தை கூடுதலாக: சாவியை எவரிடமாவது கொடுத்துவிடாதீர்கள். சொத்து முகவர்களுக்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் முகவர் வேலை செய்யக்கூடாது. அட்டை எண்ணைக் கேளுங்கள்.

ஜேபி தம்பி:
காப்புறுதி வரி எனக்குப் புதிய செய்தி, பார்க்கிறேன். ஆனால் வழக்கு என்று பயமுறுத்தினால், ராக்கெட் விட்டவர் மேலும் அதே வழக்கு பாயும்தானே? எல்லாச் சுமையும் விற்பவன் தலையில் விழுகிறது. நகராட்சி நோட்டீஸ் எனக்கு வருகிறது, ராக்கெட் விட்டவனுக்கு வருகிறதா?

மூலைவீட்டு அக்கா:
தம்பி, ராக்கெட் விட்டவர்களையும் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர், 'நாங்க என்ன குறி பார்த்தா விடுறோம், காத்து தள்ளிட்டுப் போகுது' என்றார். கண்ணாடிப் போத்தலில் சாய்த்து வைத்தால் காற்றே வேண்டாம், போத்தல் சாய்ந்த பக்கம் போகும் என்று சொன்னேன். அவரோடு நான் தினம் முகம் பார்க்க வேண்டும், சண்டை போட முடியாது. உங்களோடு போடலாம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

செம்பனைக்காட்டான்:
இதுதான் இந்த விவாதத்திலேயே நேர்மையான வரி.

மூனாவது லயம்:
தமிழ்ப்பள்ளித் திடலை அன்றைக்கு ஒரு இரவு கேட்டு வாங்கலாமே? எல்லாரும் அங்கே விட்டால் காலி வீடும் தப்பும், காரும் தப்பும். கடையில் வாங்கும்போது உரிமம் உள்ள கடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு பாப்-பாப், ஹேப்பி பூம் என்ற வகைகள் மட்டும்தான் அனுமதி, இப்போது மற்றதற்கும் உரிமத்தோடு விற்க வழியுண்டு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லோரிக்குப் பின்னால் எடுத்துக் கொடுப்பது அதில் சேராது.

ஜேபி தம்பி:
திடல் யோசனைக்கு என் ஓட்டு. என் வீட்டுப் பின்பக்கம் என்ன கிடக்கிறது என்று அண்ணனைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், தோம்பு இருந்தால் கேஸ் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். புதுப் படமும் எடுத்துப் போடுவார். புல் வெட்டும் காசில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ராக்கெட் விடும் வீடுகள் பாதி போடட்டும்.

மூலைவீட்டு அக்கா:
பாதிப் பேச்சு அப்புறம். தோம்பை முதலில் எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பியிருக்கிறேன், ஒருத்தர் பார்த்துவிட்டார், பதில் வரவில்லை.