கொசுத்தேனீயின் சரியான பெயரறிய உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் திண்ணைச் சுவர் விரிசலில் கொசுத்தேனீ (கொட்டாத சிறு தேனீ) கூடு கட்டியிருக்கிறது. வாசலில் விரல் நீளத்துக்குப் பிசின் குழல். விளிம்பில் ஐந்தாறு காவல் தேனீக்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

பெயர் என்னவென்று கேட்டால் எல்லோரும் ‘டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ்’ என்ற அறிவியல் பெயரையே சொல்கிறார்கள். அதில் ‘இரிடிபென்னிஸ்’ என்பது 1854இல் இலங்கைத் தேனீக்குச் சூட்டிய இனப்பெயர். இந்தியக் கொசுத்தேனீ எல்லாவற்றுக்கும் அதையே சொல்வது தவறு என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. வேலைக்காரத் தேனீக்கள் அச்சில் வார்த்தாற்போல் இருப்பதால், ஆண் தேனீயின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

கூட்டைக் கலைக்காமல் ஆண் தேனீயைப் பிடிப்பது எப்படி? மாதிரியை யாரிடம் காட்டலாம்? அடுத்த வாரம் சுவர் பூச மேஸ்திரி வருகிறார். அந்த விரிசலை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.