சர்ஃபாக்டன்ட்: ‘பரப்புத்தளர்த்தி’ என்னும் சொல்லை முன்மொழிந்து

அன்புடையீர், வணக்கம்.

ஷாம்பூ, கண்டிஷனர் போன்றவற்றில் நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் வேலை செய்யும் பொருளான ‘சர்ஃபாக்டன்ட்’ (surfactant) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘நுரைப்பி’, ‘அழுக்ககற்றி’, ‘பரப்புச்செயலி’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு மிகுந்திருப்பதைக் கண்டேன். தமிழைப் பள்ளியிலும் கோயில் வகுப்பிலும் கற்றுக்கொண்டு, வீட்டில் கிரெயோல் பேசி, கடையில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அச்சிட்ட புட்டிகளைப் பார்த்து வாங்கும் எங்கள் மொரீசியஸ் வாசகர்களுக்காக, தலைமுடிப் பராமரிப்பு பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஆகவே இச்சொல் எனக்கு உடனடித் தேவை. மூன்று பரிந்துரைகளில் எதையும் அந்தக் கையேட்டில் ஆள முடியவில்லை என்பதைக் காரணத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

நுரை என்பது இப்பொருள்களின் பக்கவிளைவு மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறவிட்டுக் குளிப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். முதல் முறை ஷாம்பூ போடும்போது நுரை எழுவதே இல்லை. ஆனாலும் எண்ணெய் கழன்றுகொண்டுதான் இருக்கிறது. இரண்டாம் முறை நுரை பொங்குவதற்குக் காரணம், அதைத் தடுக்கும் எண்ணெய் பெரும்பாலும் போய்விட்டதுதான். நுரையைப் பெருக்கி நிலைநிறுத்துவதற்கென்றே சில பொருள்களைத் தனியாகவும் சேர்க்கிறார்கள். அப்படியிருக்க, இவற்றுக்கு ‘நுரைப்பி’ என்று பெயரிட்டால், நுரை குறைந்தால் சுத்தமும் குறைவு என்ற பழைய எண்ணத்துக்கு நாமே முத்திரை குத்தியவர்களாவோம்.

‘அழுக்ககற்றி’ வேறொரு இடத்தில் இடறுகிறது. தலைமுடியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு நேர் மின்னூட்டம் கொண்டதாதலால் முடியின்மேல் ஒட்டிக்கொண்டு சிக்கை எளிதாக்குகிறது. அதுவும் சர்ஃபாக்டன்ட்தான், ஆனால் அதன் வேலை அகற்றுவதன்று, தங்குவது. பெயர் தன் இனத்தில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடக் கூடாது.

‘பரப்புச்செயலி’, ‘பரப்பில் செயல்படும் பொருள்’ எனப் பொருள்படும் மூலச்சொல்லுக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘செயலி’ என்றதும் இன்றைய மாணவரின் கை கைப்பேசியைத் தேடுகிறது. அச்சொல்லை அங்கிருந்து மீட்டெடுக்கும் காலம் கடந்துவிட்டது.

என் பரிந்துரை ‘பரப்புத்தளர்த்தி’. நீர்ப்பரப்பை இழுத்துக் கட்டிய தோல்போல வைத்திருக்கும் விசையை (surface tension) ‘பரப்பு இழுவிசை’ என்று எழுதினாலும் ‘மேற்பரப்பு இழுவிசை’ என்று எழுதினாலும், ‘பரப்பு’ இரண்டுக்கும் பொது. தூய நீரின் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியசில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். ஷாம்பூக்களில் சேரும் சர்ஃபாக்டன்ட்டுகளில் ஒன்றான சோடியம் லாரில் சல்பேட்டைப் போதிய அளவு கரைத்தால் அது 40-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. நீர் விரும்பும் தலையும் எண்ணெய் விரும்பும் வாலும் கொண்ட மூலக்கூறுகள் நீருக்கும் காற்றுக்கும் இடையிலும், நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலும் சென்று வரிசை கட்டுவதால் அந்த எல்லை தளர்கிறது. எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து நீரோடு போவதற்கு இதுவே வழிசெய்கிறது. குளிரூட்டி, ஒலிபெருக்கி போலத் தளர்த்தி என்பதும் தமிழில் இயல்பாக அமையும் ஆக்கம். பொருளும் அளந்து பார்க்கத்தக்க ஒரு நிகழ்வின்மேல் நிற்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின்களும் இதையே செய்வதால், இச்சொல் ஆலையில் செய்ததற்கும் மரத்தில் விளைந்ததற்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ‘இயற்கை’, ‘செயற்கை’ என்று கட்சி கட்டிக்கொண்டு இனி வேறு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

இதன் பயன் புட்டியின் பின்புறத்தைப் படிக்கும்போதுதான் தெரியும். எங்கள் ரோஸ் ஹில் நகரக் கடை அலமாரிகளில் பிரெஞ்சில் ‘சான் சுல்ஃபாத்’, அதாவது சல்பேட் இல்லாதது, என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்ட புட்டிகளைக் காணலாம். உட்பொருள் பட்டியல் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். அதனால் ‘அக்வா’ என்ற நீருக்கு அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அங்கே ‘சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்போனேட்’ என்றிருந்தால், அது சல்பேட் அன்று என்பது உண்மையே. ஆனால் அழுத்தமாகக் கழுவும் எதிரயனிப் பரப்புத்தளர்த்திதான், அதாவது எதிர் மின்னூட்டத் தலை கொண்டது. முன்பக்க வாசகம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது.

மறுபுறம், சோடியம் லாரில் சல்பேட்டையும் சோடியம் லாரெத் சல்பேட்டையும் ஒரே கூண்டில் நிறுத்துவதும் சரியன்று. முன்னது தோல் ஆய்வுகளில் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்கப் பயன்படுத்தப்படும் அளவுக்குக் கடுமையானது. பின்னதில் எத்திலீன் ஆக்சைடு அலகுகள் இடையில் சேர்ந்திருப்பதால் அது தோலிடம் அவ்வளவு முரட்டுத்தனம் காட்டுவதில்லை. மூலக்கூறுகள் மிசெல் என்னும் திரளாகச் சேர்ந்திருக்கும்போது தோலை அதிகம் துன்புறுத்துவதில்லை; தனித்து அலைபவையே எளிதில் ஊடுருவுகின்றன. கோகாமிடோபுரோபைல் பீட்டெய்ன் என்னும் வேறொரு பரப்புத்தளர்த்தியை உடன் சேர்த்தால் கலப்பு மிசெல்கள் உண்டாகித் தனித்தவற்றின் எண்ணிக்கை குறைகிறது. எனவே இதம் என்பது ஒரு பெயரின் குணமன்று, கலவையின் குணம். அளவு விழுக்காட்டைப் புட்டியில் போடுவதில்லை என்பதால் பட்டியலைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். வாசகருக்கு இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பீட்டெய்னும், குளுக்கோசைடுகள் என்னும் இன்னொரு வகைத் தளர்த்திகளும்கூடச் சிலருக்குத் தொடுகை ஒவ்வாமை தரக்கூடியவை. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2004-இல் முன்னதையும் 2017-இல் பின்னதையும் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது.

இங்கே இன்னொரு சொல்லையும் திருத்திக்கொள்ள வேண்டும். பலர் ‘மென்மையான ஷாம்பூ’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர் அதை முடியை மெத்தென்று ஆக்கும் ஷாம்பூ என்றே எடுத்துக்கொள்வார். அந்த மெத்தென்ற உணர்வு டைமெத்திகோன், பாலிகுவாட்டர்னியம் போன்ற படியும் பொருள்களால் வருவது. கடுமையான தளர்த்தியோடு அவற்றைச் சேர்த்தாலும் முடி வழுவழுப்பாகத்தான் இருக்கும், உச்சந்தலை மட்டும் வறண்டு அரிக்கலாம். தோலுக்கு ஒத்துப்போவதைக் குறிக்க ‘இதமான ஷாம்பூ’ என்றே ஆள வேண்டும் என்பது என் கருத்து. கடலில் குளித்துவிட்டு வந்து கடுமையான ஷாம்பூவைத் தேடுவோருக்கும் இது பொருந்தும். உப்பு வெறும் நீரிலேயே கரைந்து போகும். தளர்த்தி தேவைப்படுவது எண்ணெய்க்கு.

வேதிப்பெயர்களைத் தமிழாக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்குபவர் கையேட்டில் உள்ளதையும் புட்டியில் உள்ளதையும் எழுத்துக்கூட்டி ஒப்பிட வேண்டும். லாரெத் லாரெத்தாகவே இருக்கட்டும். வகைப்பெயர்கள் மட்டும் தமிழில் அமையட்டும்: எதிரயனித் தளர்த்தி, நேரயனித் தளர்த்தி, மின்னூட்டம் இல்லாததற்கு அயனியிலித் தளர்த்தி என்று. முதல் முறை ‘பரப்புத்தளர்த்தி’ என முழுமையாக எழுதிவிட்டால், பிறகு ‘தளர்த்தி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். எங்கள் மாணவர் நாவுக்கு அது நல்லது.

பீட்டெய்ன் வகைக்கு மட்டும் முடிவு எட்டவில்லை. அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் ஆக்சைடுகளைப் பாடநூல்கள் ‘ஈரியல்பு’ என்கின்றன. ஒரே மூலக்கூறில் இரு மின்னூட்டமும் உள்ளதை ‘இருமுனை அயனி’ என்கின்றன. கண்டிப்பாகப் பார்த்தால் பீட்டெய்ன் இரண்டாவதில்தான் சேரும். ஆயினும் தொழில்துறையினர் இரண்டையும் ஒரே வகையாக வைத்துப் பேசுவதால் ‘ஈரியல்புத் தளர்த்தி’ என்றே கையேட்டில் எழுதியிருக்கிறேன். வேதியியல் அறிந்தவர்கள் மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.