ஜி.ஐ. ஜோ: பழைய 3.75 அங்குலத்தைப் பழுது பார்ப்பதா, புதிய 6 அங்குலம் வாங்குவதா?

ஆறங்குலம்:
ஃபன்ஸ்கூல் நிறுவனம் இந்தியாவில் விற்ற ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைகளை வைத்து விளையாடிய தலைமுறை இப்போது சொந்தக் காசில் பொம்மை வாங்கும் வயதுக்கு வந்துவிட்டது. எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: பழைய 3.75 அங்குலத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதா, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 2020ல் தொடங்கிய கிளாசிஃபைட் என்ற 6 அங்குல வரிசையைச் சேர்ப்பதா? என் ஓட்டு கிளாசிஃபைடுக்கு.

1982ல் வந்த, ஸ்நேக் ஐஸ் என்ற கமாண்டோவின் முதல் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைப்பதற்காகப் பெயின்ட்டே அடிக்காமல் விட்ட பொம்மை அது. தலை முதல் கால் வரை கறுப்புப் பிளாஸ்டிக். அச்சில் செதுக்கிய பட்டையும் மடிப்பும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகள் மனசில் இருந்த ஸ்நேக் ஐஸ் அந்தக் கறுப்புக் கட்டை இல்லை, அதைப் பார்த்துக் கற்பனை செய்துகொண்ட ஆள். அந்த ஆளை 6 அங்குலத்தில்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறோம். முழங்கால் இரண்டு இடத்தில் மடங்குவதால் ஒற்றைக்கால் மண்டியிட்டு நிற்கிறது. தோள் உள்பக்கம் திரும்புவதால் துப்பாக்கியைத் தோளில் அணைத்துக் குறி பார்க்கிறது. பழைய பொம்மையின் முழங்கை 90 டிகிரியோடு நின்றுவிடும்.

மூட்டு வைத்தியர்:
ஆறங்குலம், இரண்டு கையாலும் துப்பாக்கி பிடிக்கும் வழியை 1983லேயே கண்டுவிட்டார்கள். முழங்கைக்கு மேலே கை சுழலும் அமைப்பு அந்த ஆண்டுதான் வந்தது. 1982 பொம்மையை மட்டும் காட்டி மொத்த வரிசையையும் எடைபோடாதீர்கள்.

ஜி.ஐ. ஜோவை ஜி.ஐ. ஜோ ஆக்கியது முகமும் பெயின்ட்டும் இல்லை, உள்ளே இருந்த ஒரு ரப்பர் வளையம். மார்புக்குள் இருக்கும் முளையில் ஓ-ரிங் மாட்டியிருக்கும். அது இடுப்புத் துண்டின் துளை வழியே இறங்கி, இரண்டு காலையும் சேர்க்கும் உலோகக் கொக்கியைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் இடுப்பு எந்தப் பக்கமும் சாயும், விட்டால் தானாக இடத்துக்கு வரும். வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பாருங்கள், அந்த வளையம் கொடுக்கிற வளைவு கையில் தெரியும். 6 அங்குலத்தில் மூட்டு எத்தனை இருந்தாலும் அந்த உணர்வு கிடையாது.

அளவு அடுத்த விஷயம். 3.75 அங்குலம் என்றால் ஏறக்குறைய 1:18, அதாவது நிஜ ஆளில் பதினெட்டில் ஒரு பங்கு, 6 அங்குலம் 1:12. 1985ல் வந்த விமானந்தாங்கிக் கப்பல் பொம்மையின் நீளம் ஏழரை அடி. அதையே 1:12ல் செய்தால் பதினோரு அடியைத் தாண்டும். வண்டிகளோடு சேர்ந்து வளர்ந்த உலகத்தை அலமாரியில் தனித்தனி ஆளாக நிற்கவைப்பது வேறு பொழுதுபோக்கு.

பழுது பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. வாட்ச் ரிப்பேர் செட்டில் வரும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறவுங்கள், பின்பாதியைத் தூக்கியதும் கைகள் இரண்டும் கழன்று விழும். பழைய வளையம் கறுப்புப் பிசினாகவோ இரண்டு துண்டாகவோ இருக்கும். கொக்கியில் துரு இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். புது வளையத்தைக் கொக்கியில் மாட்டி, இடுப்பு வழியே இழுத்து, முளையில் போட்டு, கைகளை அந்தந்தக் குழியில் வைத்து மூட வேண்டியதுதான்.

கோப்ராப்படை:
வைத்தியரே, நல்லா சொன்னீங்க, ஆனா உடையற இடத்தை விட்டுட்டீங்க. வளையம் மாத்தறது சுலபம். கட்டைவிரலும் கவட்டையும் போனா என்ன பண்றது? துப்பாக்கியோட தடிச்ச பிடியைக் கையில் திணிக்கிறப்ப கட்டைவிரல் ஒடியும். ரொம்ப இறுக்கமான வளையம் போட்டு காலை அகட்டினா இடுப்புத் துண்டோட நடு முனை ஒடியும். சூப்பர் க்ளூ அங்கே நிக்காது, இழுவை முழுக்க அந்த ஒரு புள்ளியிலதான் விழுது. வேற பொம்மையிலேர்ந்து இடுப்பை எடுத்துப் போடணும். ஒண்ணைச் சரிபண்ண இன்னொண்ணை அழிக்கணும்.

வாங்கறவங்க ஏமாறுற இன்னொரு இடம் பொம்மையோட பின்பக்கம் இருக்கிற வருஷம். அது அச்சு செஞ்ச வருஷம், பொம்மை செஞ்ச வருஷம் இல்ல. ஹாஸ்ப்ரோ 1994ல் அந்த வரிசையை நிறுத்தின பிறகும் ஃபன்ஸ்கூல் அதே அச்சுகளை வெச்சு பல வருஷம் போட்டுக்கிட்டே இருந்தது. 1986ன்னு எழுதியிருக்குன்னு 1986 விலை கேட்கிறாங்க, ஜனங்களும் கொடுக்கிறாங்க.

ஆனா ஆறங்குலம் சொல்றதையும் நான் ஒத்துக்கல. கிளாசிஃபைட் 2020ல் வந்தப்போ 19.99 டாலர், அப்புறம் 24.99. அது அமெரிக்கக் கடை விலை. நம்ம நாட்டில பொம்மை இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலேர்ந்து 60க்குப் போச்சு, 2023ல் 70 ஆச்சு. 2021 ஜனவரியிலேர்ந்து பி.ஐ.எஸ்.ங்கிற இந்தியத் தர முத்திரையும் கட்டாயம். சின்னக் கடைக்காரர் பெட்டி பெட்டியாக் கொண்டுவர முடியாது. ஜி.ஐ. ஜோவோட எதிரிக் கூட்டமான கோப்ராவோட வீரன் ஒருத்தன் இருந்தா அது படையா? பத்துப் பேர் வேணும். 6 அங்குலத்தில பத்துப் பேரை எந்தச் சம்பளத்தில வாங்கறது, எந்த அலமாரியில நிறுத்தறது?

வாணி_தூத்துக்குடி:
விலையும் அளவும் இருக்கட்டும். கடலோர ஊர்க்காரர்களுக்கு முதல் பிரச்சினை வெக்கையும் ஈரக்காற்றும். இதில் பழசு, புதுசு இரண்டுமே தப்பாது, கெடும் விதம்தான் வேறு.

பழையதில் ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும். கிளாசிஃபைடில் மேலங்கி, இடுப்புப் பட்டை, துப்பாக்கி உறை எல்லாம் மிருதுவான பி.வி.சி. அதில் கலந்திருக்கும் மிருதுவாக்கி எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, தொட்டால் பிசுபிசுக்கும். ஜிப் பையில் போட்டு இறுக மூடிவைத்தால் கசிந்தது போக வழியில்லாமல் மேலேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, காற்றோடும் இடத்தில் வையுங்கள். மிருதுவான துண்டு கெட்டிப் பிளாஸ்டிக் வண்டிமேல் மாதக்கணக்கில் படிந்திருந்தால் அந்த இடத்தில் வண்டி உருகினாற்போலக் குழியும். ஓட்டுநரை உட்காரவைத்தே எடுத்துவைக்காதீர்கள்.

இன்னொன்று, பொம்மை இருக்கும் பீரோவில் பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இறுகிப்போன மூட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடுகிறவர்கள் உண்டு, அதனால் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழலாம். சிலிகான் எண்ணெய் மட்டும் விடுங்கள், ஊசி முனையில் ஒரு துளி.

ஆறங்குலம்:
வாணி சொன்ன பாச்சை உருண்டை விஷயத்தை எல்லாரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோப்ராப்படைக்கு: படை திரட்டுவதில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு 6 அங்குலம் ஒத்துவராது. கிளாசிஃபைடின் முதல் தொகுதிகளில் குறை இருந்ததையும் மறைக்கவில்லை. தங்க நிறக் கோடும் விண்வெளித் துப்பாக்கியுமாக வந்தன, ஆளைப் பற்றிய குறிப்பு அட்டையும் இல்லை. ஜி.ஐ. ஜோ காமிக்ஸ் எழுத்தாளர் லாரி ஹாமா பழைய பொம்மைகளுக்கு எழுதிய அந்தக் குறிப்புகளை வாசித்துத்தான் பாதிப் பேர் அந்த ஆட்களை அறிந்துகொண்டோம். பிறகு வந்தவற்றில் உடையும் துப்பாக்கியும் பழைய வடிவத்துக்குத் திரும்பின. ஆரம்பத் தொகுதிகளைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஒதுக்குவது 1982ஐ மட்டும் பார்த்து நான் சொன்ன தப்புக்குச் சமம்.

புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே தடுமாறுவது இரண்டு இடத்தில். இறுகிய மூட்டை வெறுங்கையால் முறுக்கினால் உள்ளே இருக்கும் முளை துண்டாகிவிடும், வெளியே தெரியாது. ஹேர் டிரையர் காற்றை ஒரு நிமிஷம் காட்டிவிட்டு மெதுவாக அசையுங்கள். வளைந்த துப்பாக்கிக்கும் வாளுக்கும் கொதித்து இறக்கிய தண்ணீரில் 20, 30 விநாடி. எடுத்து நேராக்கி, நேராகப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிஷம். ஐஸில் வைக்காமல் விட்டால் மறுநாள் பழையபடி வளைந்து நிற்கும்.

மூட்டு வைத்தியர்:
"புதுப்பித்தது" என்ற பெயரில் மூன்று வேறு பொருள் இருக்கிறது, அதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் இழுபறி. 25ஆம் ஆண்டுக்காக 2007ல் வந்தது 3.75 அங்குலம்தான், ஆனால் ஓ-ரிங்கை எடுத்துவிட்டு மார்பு நடுவே மூட்டு வைத்தார்கள். சூப்பர்7 நிறுவனத்தின் ரியாக்‌ஷன் வரிசை அட்டையைப் பார்த்தால் பழசு மாதிரி இருக்கும், கழுத்து, தோள், தொடை என்று ஐந்தே இடத்தில் அசையும், முழங்கால் மடங்காது. 2021ல் ஹாஸ்லேப் என்ற ஹாஸ்ப்ரோவின் முன்பதிவுத் திட்டம் வழியாக முன்பணம் கட்டியவர்களுக்கு வந்த ஸ்கைஸ்ட்ரைக்கர் விமானத்தோடு நிஜமான ஓ-ரிங் பொம்மைகள் வந்தன. மூன்றில் அதுதான் என் கணக்கில் புதுப்பித்தது. புது பிளாஸ்டிக், புது ரப்பர், பழைய உடம்பு.

ஃபன்ஸ்கூலைப் புதுசு எதுவும் ஈடுகட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தூர்தர்ஷனில் ஓடிய ஸ்ட்ரீட் ஹாக் தொடரின் நாயகனை ஜி.ஐ. ஜோ பாகங்களில் செய்து விற்றது ஃபன்ஸ்கூல் மட்டும்தான். அதற்கு 6 அங்குல மறுபதிப்பு எங்கிருந்து வரும்? அமெரிக்கச் சேகரிப்பாளர்களே ஃபன்ஸ்கூல் அட்டைகளைத் தேடி வாங்கியதற்குக் காரணம் அந்த நிறங்களும் கலவைகளும் வேறெங்கும் இல்லாததுதான்.

கோப்ராப்படை:
சரி, அப்ப கவட்டைக்கு வழி சொல்லுங்க. எந்த வளையம் போட்டா உடையாது?

மூட்டு வைத்தியர்:
உள்விட்டம் சுமார் ஒன்பதரை மி.மீ., தடிமன் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. குழாய் சாமான் கடையில் கிடைக்கும் கறுப்பு நைட்ரைல் வளையமே போதும், சில வருஷத்தில் வெடிக்கும், அவ்வளவுதான். சிலிகான் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மாட்டும்போது கொக்கி முனை கீறினால் அங்கேயே கிழியும், அதனால் முனையை முதலில் உப்புத்தாளால் மழுக்குங்கள். மூடிய பிறகு பொம்மையைத் தலையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கால் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இரண்டு விரலால் இழுத்தால் மயிரிழை இடைவெளி வர வேண்டும். இழுத்தும் அசையாவிட்டால் வளையம் சிறிசு, உடனே கழற்றிவிடுங்கள்.

ஸ்க்ரூவை நேரடியாக இறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் ஸ்க்ரூ "டக்" என்று இறங்குவது கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். புது மரை வெட்டினால் மூன்றாவது தடவை திறக்கும்போது துளை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

வாணி_தூத்துக்குடி:
ஏற்கெனவே தேய்ந்துபோன துளைக்குப் பல்குச்சிச் சீவல் ஒன்றை ஃபெவிகாலில் தோய்த்து வைத்து, ஒரு நாள் காயவிட்டு ஸ்க்ரூ போடுங்கள். பிடிக்கும்.