கடைக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருந்தவர்கள்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தேவகோட்டைப் பெண்

சென்னையில் கட்டும் வீட்டின் முன்கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்பட்டேன். மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்த பட்டறைகள் எல்லாவற்றுக்கும் எழுதினேன். எத்தனை சதுர அடி, எந்தப் பூ, என்ன நிறம், லாரி வாடகை யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருந்தேன். யாரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. கொத்தனாரோ தினமும், "தரைக்கு என்னம்மா முடிவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காரைக்குடியில் ஒரு கல்யாணம் வந்தது. அந்தச் சாக்கில் ஆத்தங்குடிக்கே போய்விட்டேன். பட்டறைக்காரர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சை எடுத்ததும் அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்கிறார். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி தனியே கழன்றுவிடுகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லில் தங்குகிறது. முழங்கை வரை சிமெண்டாக நின்ற மனிதரிடம், "நான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேனே" என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

"அதையெல்லாம் என் அண்ணன் மகன் பார்ப்பான். அவன் சிங்கப்பூரில் இருக்கிறான்."

ஆக, என் கடிதம் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை ஓய்வு கிடைக்கும்போது பிரித்துப் பார்க்க வேண்டும், சித்தப்பாவைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும், அவர் விலை சொல்ல வேண்டும், அதை இவன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மழை பிடித்துவிட்டால் கல் காயாது. தேதியும் சொல்ல முடியாது. கோபம் அங்கேயே போய்விட்டது. இப்படி உங்களுக்கும் நேர்ந்திருக்கும். எழுதுங்களேன்.

திருச்சி, வங்கிப் பணி ஓய்வு

கோபம் ஏன் போக வேண்டும்? எனக்குப் போகவில்லை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே 7 முதல் நடைமுறை வந்தது அல்லவா, அந்த மாதம் அம்மாவைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போக நினைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு சிறிய தங்கும் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதினேன். கேள்வி இரண்டுதான்: தரைத்தள அறை உண்டா, கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? அரசாங்கத்தின் இ-பாஸ், விண்ணப்பித்த சூட்டோடு கைக்கு வந்தது. அரசாங்கத்தை வேகத்துக்குப் பாராட்டி நான் எழுதுவது வாழ்நாளில் இதுவே முதல்முறை. விடுதியின் பதில், பள்ளிகள் திறந்து கூட்டமெல்லாம் மலையிறங்கிய பிறகு வந்தது. "வணக்கம், அறைகள் காலியாக உள்ளன." படிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

பார்க்க முடியாது என்றால் முகவரியை எதற்கு அச்சடிக்க வேண்டும்? தொலைபேசி எண்ணை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. சிறு தொழில், பாவம் என்று இரக்கப்படுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த இரக்கத்துக்கான செலவு வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது.

கிரைண்டர் கடை, கோவை

பெரியவர் கேட்பது நியாயம். அந்த முகவரி எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன்.

கணபதியில் எங்கள் கடை. கிரைண்டர் விற்பனை, பழுது, உதிரி பாகம். நானும் ஒரு பையனும்தான். ஜிஎஸ்டி பதிவுக்கு மின்னஞ்சல் வேண்டும் என்றார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு தம்பி உட்கார்ந்த இடத்திலேயே உருவாக்கிக் கொடுத்தான். கடவுச்சொல் அவனிடம். பெயர்ப் பலகை எழுதும்போது, "மின்னஞ்சல் இருந்தால் போடலாம், பார்க்க நன்றாக இருக்கும்" என்றார் ஓவியர். போட்டோம். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும், கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவில்தான் அந்தப் பெட்டி திறக்கும். நடுவில் நீங்கள் எழுதினால் அது ஜிஎஸ்டி அறிவிப்புகளுக்கு அடியில் கிடக்கும். என் தொழிலில் பாதிப் பேருக்கு இதுதான் நிலை என்பேன்.

பிறகு நானே ஒரு பெட்டி திறந்தேன். அதில் என்ன வருகிறது தெரியுமா? உங்கள் இணையதளத்தைத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று தினம் ஒருவர். கடன் வேண்டுமா என்று இரண்டு பேர். முன்பின் தெரியாத நிறுவனத்திலிருந்து கொள்முதல் ஆணை என்று ஓர் இணைப்பு. திறந்தால் கணினி போச்சு. வியாபாரப் பட்டியல் தளங்கள் ஒரே வாடிக்கையாளரின் விசாரணையை ஊரில் உள்ள எல்லாக் கடைக்கும் விற்கின்றன. நான் பதில் எழுதும்போது அவர் வேறு இடத்தில் வாங்கி மாவே அரைத்திருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் உண்மையான கடிதம் ஒன்று வரும். அதில், "விலை என்ன?" என்று மட்டும் இருக்கும். எதன் விலை? டேபிள் டாப்பா, டில்டிங்கா, எத்தனை லிட்டர்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விலையை எழுத்தில் கொடுக்க எங்களுக்குப் பயம். எதிர்க்கடைக்காரரே வாடிக்கையாளர் பெயரில் கேட்பது உண்டு. எஃகு விலை ஏறினால் போன மாதம் எழுதியதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். பேச்சில் சொன்னால் சிரித்துச் சமாளிக்கலாம். எழுதியதை எப்படிச் சமாளிப்பது? அதனால்தான் உங்கள் மின்னஞ்சலுக்கு எங்களில் பலர், "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் பதில் போடுகிறோம். அது உங்களுக்கு எரிச்சல் என்பதும் தெரியும்.

ஆங்கிலமும் ஒரு காரணம். நீங்கள் ஆங்கிலத்தில் நீளமாக எழுதினால், பதிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்து, பையனைக் கேட்டு எழுதலாம் என்று தள்ளிவைப்போம். தள்ளிவைத்தது போனதுதான். கனடாவிலிருந்து ஒரு அம்மா தமிழிலேயே எழுதியிருந்தார்: "எங்கள் ஊரில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதற்கு ஏற்ற மோட்டார் போட்டுத் தருவீர்களா?" நம் மோட்டார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டார்க்காரரிடம் கேட்டுக்கொண்டு அன்று இரவே எழுதிவிட்டேன். அந்த அம்மாவுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது; எனக்கும் பதில் எழுதக் கை கூசவில்லை.

வங்கி ஓய்வு

உங்கள் விளக்கம் புரிகிறது. ஆனால் பெயர்ப் பலகையில் அழகுக்குப் போட்டதை நான் முகவரி என்று நம்பியது என் குற்றமா? ஓவியரைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஈரோடு, இணையதளம் செய்பவர்

கடைக்காரர் பார்த்தும் பதில் சொல்லவில்லை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். கடிதம் போய்ச் சேராததே பாதி. நான் அன்றாடம் பார்ப்பது இவை.

இலவச ஜிமெயில் கணக்குக்கு 15 ஜிபி இடம். மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் அந்த ஒரே இடம்தான். 2021 ஜூனிலிருந்து படங்களும் அந்தக் கணக்கில் ஏறுகின்றன. 2024இல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் சேர்ந்துகொண்டது. கடைக்காரரின் தொலைபேசியில் தினமும் காலை வணக்கப் படங்கள், கோயில் காணொளிகள், பேத்தியின் நடனம். எல்லாம் போய் அந்தப் பெட்டியை நிரப்புகின்றன. நிரம்பிவிட்டால் புதிய மின்னஞ்சல் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பும். திரும்பி வந்த அறிவிப்பை நீங்களும் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறீர்கள்.

இணையதளத்தில் பெயர், எண், செய்தி என்று நிரப்பச் சொல்லும் படிவம் இருக்கும். மலிவாகச் செய்த தளங்களில் அந்தப் படிவம், வாடிக்கையாளரின் முகவரியிலிருந்தே வந்தது போல மின்னஞ்சலை அனுப்பும். வாங்கும் பக்கத்துச் சர்வர் அதை, யாரோ ஆள்மாறாட்டம் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு குப்பையில் போடும், அல்லது அப்படியே நிராகரிக்கும். திரையிலோ, "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று பச்சை எழுத்து மின்னும். கடைக்காரருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரு கடலைமிட்டாய்க் கடை. இணையதளத்தில் யாரும் கேட்பதே இல்லை, இது வீண் செலவு, மூடிவிடலாம் என்று என்னிடம் வந்தார்கள். தோண்டிப் பார்த்தேன். தளம் செய்து கொடுத்த இளைஞர், சோதனைக்காகத் தன் சொந்த முகவரியைப் படிவத்தில் போட்டிருந்தார். மாற்ற மறந்து வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "ஆமாம் அண்ணா, ஏதோ மிட்டாய் கேட்டு மெயில் வந்துகொண்டே இருக்கும், விளம்பரம் என்று நினைத்தேன்" என்கிறார். அதில் கல்யாணத் தாம்பூலப் பைக்கு மொத்தமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். வெளிமாநிலத்தில் கடை வைத்திருப்பவர் மாதந்தோறும் வேண்டும் என்று கேட்டு, பதில் இல்லாததால் மறுபடி எழுதி, மூன்றாவது கடிதத்தில் திட்டியிருந்தார். கடைக்கார அம்மா அந்தக் கடிதங்களை எல்லாம் படித்து முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை. பிறகு, திட்டியவருக்கு முதலில் எண் போட்டுக் கொடு என்றார். பேசினார். அவர் இப்போதும் வாங்குகிறார்.

அதனால் உங்கள் வேலைக்கு அவசரம் என்றால், மின்னஞ்சல் போட்ட மறுநாளே ஒரு தொலைபேசி அழைப்பு. "வந்ததா?" என்று மட்டும் கேளுங்கள்.

வீணை கற்பவளின் அம்மா, ஜெர்மனி

எல்லோரும் தாமதத்தைத் திட்டுகிறீர்கள், நான் ஒரு தாமதத்துக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

மகளுக்குத் தஞ்சாவூர் வீணை வாங்க ஒரு செய்பவருக்கு எழுதினேன். பாகங்களைத் தனித்தனியே செய்து ஒட்டிய ஒட்டு வீணையா, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்டமா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. வீணை வேண்டும் என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். மாதக் கணக்கில் மௌனம். இதற்கிடையில் ஒரு பெரிய இணையக் கடைக்கும் எழுதினேன். அங்கிருந்து நொடியில் பதில்: உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று. அதன் பிறகு அங்கிருந்தும் ஒன்றும் இல்லை. நொடியில் வந்தது இயந்திரத்தின் பதில், அதை நான் பதில் கணக்கில் சேர்ப்பதில்லை.

தஞ்சாவூர்க்காரர் எழுதினார், ஒருநாள். பலா மரத்தின் படம், குடம் குடைந்த நிலையில் ஒரு படம், யாளி முகத்தின் படம் எல்லாம் இருந்தன. ஏகாண்டத்துக்கு விலை கூடுதல், கற்பவருக்கு ஒட்டு வீணையே போதும் என்று எனக்கு லாபமாக அவரே சொன்னார். குளிர் நாடு என்றீர்களே, அறையில் சூடேற்றும் கருவி ஓடுமா, அதன் பக்கத்தில் வீணையை வைக்காதீர்கள், மேளம் கட்டியிருப்பது, அதாவது தந்தியை அழுத்தும் மெட்டுக் கட்டைகளைப் பதித்திருப்பது, மெழுகில், இளகினால் 24 மெட்டும் இடம் மாறும் என்று ஒரு பத்தி. அவர் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கவில்லை. கையிலிருந்த வீணைக்கு மேளம் கட்டி முடிக்காமல் வேறு எதிலும் கவனம் வைப்பதில்லையாம்.

எல்லோருக்கும் இந்தப் பொறுமை சாத்தியமில்லை, தெரியும். கொடைக்கானல் அறைக்கு இப்படிக் காத்திருக்க முடியாது. பல வருஷம் வாசிக்கப்போகும் கருவிக்குக் காத்திருக்கலாம்.

தெரு நலச் சங்கச் செயலாளர், மதுரை

சுருக்கமாக. சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு நவம்பர் நடுவில் தினசரி காலண்டர் கேட்டு எழுதினேன். பொங்கலுக்கு வாழ்த்துதான் வந்தது, காலண்டர் வரவில்லை. ஆடிப்பெருக்கன்றே அவர்கள் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். அப்போதிலிருந்தே ஆர்டர் பிடித்து, ஆண்டுக் கடைசியில் இரவும் பகலும் இயந்திரம் ஓடும். அந்த நேரத்தில் இருநூறு காலண்டர் கேட்டு வரும் கடிதத்தை யார் பிரிப்பார்கள்? அடுத்த ஆண்டு ஆவணியில் எழுதினேன், மறுநாளே பதில். தொழிலுக்குத் தொழில் பருவம் இருக்கிறது.

நுகர்வோர் அமைப்புத் தன்னார்வலர்

வங்கிப் பெரியவருக்கு ஒரு தகவல். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆனால் அது புகாருக்கு. வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விக்குக் கெடு எதுவும் கிடையாது. பணம் கட்டிவிட்டுப் பதில் இல்லாமல் தவிப்பவர்கள் 1915க்குக் கூப்பிடலாம். படிக்கட்டு எண்ணிக்கைக்கு அங்கே கூப்பிடாதீர்கள்.

வங்கி ஓய்வு

சரி. படிக்கட்டு விஷயத்தை விடுதியின் காவலாளியிடம் தொலைபேசியில் கேட்டு வாங்கிவிட்டேன். பதினெட்டு. அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டார். இந்த முறை ஏற்காடு.

நாகர்கோவில், புதிய உறுப்பினர்

கோவைக் கடைக்காரர் அண்ணாச்சிக்கு வணக்கம். 2 லிட்டர் டேபிள் டாப், வாங்கி ஒன்பது ஆண்டு ஆகிறது. மாவு கொரகொரப்பாகவே வருகிறது, உளுந்து சரியாகப் பொங்குவதில்லை. கல்லைக் கொத்த வேண்டுமா, மாற்ற வேண்டுமா? இங்கே உள்ள கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்.

கிரைண்டர் கடை

வணக்கம் அம்மா. புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். உருளைக் கல்லைக் கழற்றி, உட்பக்கம் உள்ள புஷ் என்னும் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல் ஆடினால் அதுதான் காரணம், செலவு குறைவு. கல் ஆடவில்லை, ஆனால் ஓடும்போது டிரம் வேகம் குறைகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் கொத்திப் பார்க்கலாம். அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் படம் எடுத்து, பின்கோடும் சேர்த்து அனுப்புங்கள். இன்றைக்கு மட்டும் வேண்டாம், தேதி 20, ஆடிட்டர் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான்.